அடைபட்ட காற்றும் அமானிதமும்

சென்ற மாரிக்காலத்தில் ஒரு நாள், அஸர்த் தொழுகை முடித்து வீடு திரும்பிய நம்மை வாசலிலேயே நிறுத்தித் தங்கை மகன் ஒரு வினாவைத் தொடுத்தான். "மாமா, அத்தாவின் கம்ப்ரசர் டேங்கில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. பற்றவைத்து ஓட்டலாம் என்கிறார்கள். நமக்கு வேண்டாமென்றால், பற்றவைத்து வர்ணம் பூசி விற்றுவிடலாம் என்றும் சொல்கிறார்கள். இதில் தவறு ஏதும் உண்டா?"

பார்வைக்கு இது பட்டறைக்காரர் கேட்டுப் பட்டறைக்காரர் விடை சொல்ல வேண்டிய வினா. அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதிக் கொடுத்தே ஐம்பதைக் கடந்துவிட்ட நமக்கும் ஓர் இரும்புக் கலத்திற்கும் யாது தொடர்பு? அன்று நாமும் அவ்வாறே எண்ணினோம். "சின்ன ஓட்டைதானே, பற்றவைத்துக் கொள்" என்று சொல்ல வாயெடுத்தோம். அச்சொல் நாவை விட்டுப் புறப்படாமல் நின்றது இறைவனின் அருள் என்றே இன்று கருதுகிறோம். ஏனெனில், அவ்வினாவின் பின்னே நம்முடைய குற்றம் ஒன்று ஒளிந்திருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கலம் இருந்த இடம்

வளையமாதேவி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பை அடுத்த ஊர். நெல்வயல்களுக்கு நடுவே அமைந்தது. 1956ஆம் ஆண்டு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்று, 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததிலிருந்து, இவ்வட்டாரத்தார் பலருடைய பிழைப்பு ஏரோடும் எந்திரத்தோடும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டுவிட்டது. 2023 ஜூலை 26ஆம் நாள், சுரங்கத்திற்கான வாய்க்கால் பணிக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது மண்வாரி எந்திரங்கள் இறங்கியபோது, இவ்வூர்ப் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. எந்திரத்தின் வலிமை எத்தகையது என்பதை எங்களூர் மக்களுக்கு எவரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் தங்கையின் கணவர், வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை நடத்தியவர். சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் பஞ்சர் ஒட்டுவார், காற்றடிப்பார், இரும்புக் கதவுகளுக்கு வர்ணம் பீச்சுவார். அவர் மௌத்தான பின், படிப்பை நிறுத்திக்கொண்டு மகன் அத்தொழிலை எடுத்துக்கொண்டான். வீட்டின் உயிர்நாடி அந்தக் கம்ப்ரசர். இருநூறு லிட்டர் கொள்ளும் கலம். அதனை முதலில் வாங்கியபோதே அது பழையது. எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று செய்தவர்கள் பொறித்திருக்க வேண்டிய தகட்டைக் காணவில்லை. தகடு இருந்த இடத்தில் நாலைந்து பூச்சு வர்ணமே இருந்தது.

கொட்டகைக்கும் நம் திண்ணைக்கும் இடையே ஒற்றைச் செங்கற்சுவர். அத்திண்ணையில்தான் மாலைதோறும் ஊர்ப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேருக்கு நாம் ஓதிக் கொடுத்து வந்தோம்.

காற்று என்னும் பொருள்

கேட்டவனுக்கு விடை சொல்லுமுன் பொருளை அறிய வேண்டும் என்பது நமக்கு ஆசிரியர்கள் கற்பித்த முதற்பாடம். ஆகவே, நெய்வேலியில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் வந்ததும் முதற்கண் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். பின்னர்க் குழாய் வழியே காற்று முழுவதையும் வெளியேற்றச் சொன்னார். அழுத்தமானியின் முள் பூச்சியத்தைத் தொட்ட பிறகும், அடிப்புறத்து வடிகுழாயைத் திறந்துவைத்து, இனிச் சீறல் இல்லை என்று செவியால் உறுதி செய்துகொண்ட பின்னரே அருகிற் சென்றார். முள்ளும் பொய் சொல்லக்கூடும் என்றார். காற்று நிரம்பிய கலத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், கசியும் மரையை இறுக்கிப் பார்ப்பதும், அறிந்தவர் செய்யும் செயல்கள் அல்ல என்பதை அன்று கண்டோம்.

வடிகுழாயிலிருந்து காவி நிறத்தில் நீர் வந்தது. ஒரு குடத்தை நிறைக்கும் அளவு நீர்! காற்றை மட்டுமே அடைத்த கலத்துள் நீர் எவ்வாறு புகுந்தது என்று வியந்தோம். வியக்க ஏதுமில்லை. காற்றில் எப்போதும் ஈரம் கலந்துள்ளது. ஒன்பது பங்கு இடத்தில் பரவியிருந்த காற்றை ஒரு பங்கு இடத்தில் நெருக்கும்போது, அந்த ஈரம் முழுவதையும் சுமக்க அதனால் இயலாது. கலம் குளிர்கையில் நீராய் உதிர்ந்து அடியில் தேங்குகிறது. நாள்தோறும் வடித்துவிட்டால் தீங்கில்லை. வடிக்காது விட்டால், அந்நீர் இரும்பை உள்ளிருந்தே தின்னும். வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே சுவர் தாளாய் மெலியும். அன்பர் அடிப்புறத்து வர்ணத்தைச் சுரண்டி, ஓட்டையின் அருகே திருப்புளியின் முனையை அழுத்தினார். அது உள்ளே இறங்கிவிட்டது.

"ஐயா, ஓட்டை விழுந்த இடம் மட்டும் மெலிந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். முதலில் தோற்றுப்போன இடம் அது. சுற்றியுள்ள இடங்கள் எல்லாம் தோற்கக் காத்திருக்கின்றன" என்றார். பற்றவைப்பதும் அதனாலேயே பயனற்றது. மெலிந்த தகட்டில் நெருப்பை வைத்தால், ஒட்டு ஓரிடத்தில் பிடிக்கும். அதன் விளிம்பில் தகடு இன்னும் நலியும். கலத்துள் கம்ப்ரசர் எண்ணெயின் ஆவி தங்கியிருந்தால், பற்றவைக்கும்போதே தீப்பிடிக்கவும் கூடும். ஆணியை அடித்து அடைப்பதும், பசையை அப்பி மூடுவதும் ஓட்டையை மறைக்குமேயன்றிச் சுவரைத் தடிப்பாக்கா. உட்புறம் அரித்துப்போன காற்றுக்கலத்தை வீட்டுப் பட்டறையில் செப்பனிட வழியில்லை, மாற்றுவதொன்றே வழி.

இதன் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தோம். சதுர செண்டிமீட்டருக்கு 8 கிலோ அழுத்தம். கலத்தின் விட்டம் 45 செண்டிமீட்டர். அவ்வாறாயின் கலத்தின் ஒருபக்க மூடியின் மீது மட்டும் காற்று ஊன்றும் விசை 12 டன்னுக்கும் மேல். சுவரின் தடிப்பு பாதியானால், அதே அழுத்தத்தில் சுவர் தாங்க வேண்டிய சுமை இருமடங்காகும். இருநூறு லிட்டர் கலத்தில் அந்த அழுத்தத்தில் அடைபட்ட காற்று ஒரே கணத்தில் விடுபட்டால், அதன் ஆற்றல் ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு காரை 20 மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமானது.

எங்களூர்க்காரருக்கு இவ்வெண் புதிதன்று. நெய்வேலி நிலக்கரிப் படுகைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் நீரும் சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றி நிலக்கரியை எடுக்க இயலாது. சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பொங்கும். ஆங்கே அந்த அழுத்தத்தைக் காவல் காக்கப் பொறியாளர்களும் மோட்டார்களும் உண்டு. நம் கொல்லையிலோ அதே அழுத்தத்தைக் காவல் காத்தது ஒரு தாள் அளவுத் துருத் தகடு. அதற்கப்பால் பதினைந்து பிள்ளைகள்.

வாய் மூடப்பட்ட வால்வு

இனி, நம் குற்றத்திற்கு வருவோம்.

கலத்தைச் சோதித்த அன்பர், மேற்புறத்தில் ஓரிடத்தைச் சுட்டி, "இங்கே இருந்த சேஃப்டி வால்வு எங்கே?" என்று கேட்டார். அங்கே வால்வு இல்லை; ஒரு தடித்த போல்ட்டு இறுக்கப்பட்டிருந்தது. தங்கை மகனுக்கு விவரம் தெரியவில்லை. அவன் கண்ட நாள் முதல் அவ்வாறே இருந்ததாம். நமக்குத் தெரியும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கையில் கொட்டகையிலிருந்து திடீரெனச் சீறல் ஒன்று எழும். பிள்ளைகள் நடுங்குவர், சிறியவர்கள் அழுவர், ஓதல் நின்றுபோகும். வாரத்தில் இரண்டு மூன்று முறை இவ்வாறு நிகழவே, நாம் சினந்து மச்சானிடம் சென்று, "இந்தச் சத்தத்திற்கு ஒரு முடிவு கட்டக் கூடாதா? இறைவேதம் ஓதுகிற இடம்" என்றோம். அவர் நம்மிடம் மரியாதை உடையவர். மறுமொழி பேசவில்லை. மறுநாள் முதல் சீறல் கேட்கவில்லை. நாமும் அமைதி கிட்டியதென மகிழ்ந்தோம்.

அச்சீறல் யாது? அழுத்தம் உரிய அளவை எட்டியதும் மோட்டாரைத் தானே நிறுத்த வேண்டிய பிரஷர் சுவிட்ச் பழுதாகி ஒட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் நிற்காமல் காற்றைத் திணிக்க, எல்லை கடந்த அழுத்தத்தை வெளியேற்றி அந்த வால்வு கலத்தைக் காப்பாற்றி வந்தது. அது எழுப்பிய ஒலி, "இங்கே ஒரு பழுது இருக்கிறது" என்னும் எச்சரிக்கை. நாம் பழுதை நீக்கச் சொல்லவில்லை. எச்சரித்தவனின் வாயை அடைக்கச் சொன்னோம். அதன்பின் மச்சான் கண்ணால் முள்ளைப் பார்த்துக் கையால் சுவிட்சை நிறுத்தியே காலம் தள்ளியிருக்கிறார். ஒரு நாள் அவர் கண்ணயர்ந்திருந்தால்?

அறியாமல் செய்தோம் என்பது உண்மை. ஆனால் அறிந்துகொள்ள ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. "இஃது ஏன் சீறுகிறது?" என்னும் அந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லை. அறியாமை மன்னிக்கப்படலாம், அறிய மறுத்த அவசரத்திற்கு என்ன சமாதானம் உண்டு? நம் நாவின் ஒரு சொல்லுக்கு ஊரில் இருந்த மதிப்பே அச்சொல்லை ஆபத்தாக்கியது. சாமானியர் ஒருவர் கேட்டிருந்தால் மச்சான் விளக்கியிருப்பார். ஓதிக் கொடுப்பவர் கேட்டதால் விளக்காமல் அடைத்துவிட்டார். மதிப்புடையோர் தாம் அறியாத துறையில் ஆணையிடுவதன் தீங்கை, இவ்வயதில் ஒரு போல்ட்டிடம் பாடம் கேட்டோம்.

சாய்ந்த சுவரும் கள்ள நாணயமும்

தங்கை மகனின் வினாவில் எஞ்சியிருந்த பகுதி விற்பனை பற்றியது. பழைய இரும்பாக எடைக்குப் போட்டால் இரண்டாயிரம் ரூபாய் தேறும். பற்றவைத்து வர்ணம் பூசி, ஓடுகிற கலமாக விற்றால் எட்டாயிரம் தர ஆள் இருந்தது. தந்தையை இழந்த குடும்பத்திற்கு ஆறாயிரம் ரூபாய் சிறு தொகை அன்று. ஆகவே இவ்வினாவை எளிதாக ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

குறையை மறைத்து விற்பது கூடாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தங்கை மகன் நேர்மையானவன். மறைக்க அவன் கேட்கவில்லை. "வாங்குபவரிடம் ஒட்டுப் போட்டது என்று சொல்லியே கொடுத்துவிடுகிறேன். அவர் சம்மதித்து வாங்கினால் பொறுப்பு அவருடையதுதானே?" என்றான். இங்கேதான் வினா ஆழமாகிறது.

மர்கீனானி எழுதிய 'ஹிதாயா' முதலிய ஹனஃபி நூல்களில் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. தெருவின் பக்கம் சாய்ந்துவிட்ட சுவரை இடித்துவிடுமாறு உரிமையாளனுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, இடிக்கப் போதிய அவகாசமும் இருந்து, அவன் இடிக்காதிருக்கையில் சுவர் விழுந்து எவரேனும் மாண்டால், அவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன். எச்சரிக்கை பெறாதவன்மீது அப்பொறுப்பு இல்லை. ஊசிமுனை ஓட்டையைக் கண்டபோது நமக்கு இவ்விதியே நினைவில் எழுந்தது. அவ்வோட்டை, கலமே எழுதி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம். அதற்குமுன் நிகழ்ந்தது விபத்து எனப்படலாம். அதற்குப்பின் நிகழ்வது விபத்து ஆகாது.

ஆயின் அதே விவாதத்தில், எச்சரிக்கப்பட்டவன் வீட்டை விற்று ஒப்படைத்துவிட்டால் அவன் பொறுப்பு நீங்கிவிடும் என்றும் காண்கிறோம். ஆட்சி கைமாறும்போது பொறுப்பும் கைமாறுகிறது என்பது அதன் நியாயம். தங்கை மகனின் கட்சிக்கு இது வலுவூட்டுவதாகத் தோன்றும். ஆனால் சுவரின் சாய்வு தெருவில் நடப்போர் அனைவருக்கும் தெரிவது. புதிய உரிமையாளனை எவரும் மீண்டும் எச்சரிக்கலாம். கலத்தின் துருவோ வர்ணத்துக்குள் மறைவது. ஒரு முறை பூசிவிட்டால் எச்சரிக்க எவராலும் இயலாது. எனவே கலத்திற்கு ஒப்பான பொருள் சுவர் அன்று, வேறொன்று.

1111ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி, தமது 'இஹ்யா'வில் பொருளீட்டல் பற்றிய பகுதியில், வாணிபத்தில் நிகழும் தீங்குகளை இரண்டாகப் பகுக்கிறார். வாங்குபவன் ஒருவனையே சாரும் தீங்கு ஒன்று. பொதுமக்களைச் சாரும் தீங்கு மற்றொன்று. கள்ள நாணயத்தைக் கைமாற்றுவதை இரண்டாவது வகையில் வைக்கிறார். 'இது கள்ள நாணயம்' என்று சொல்லியே கொடுத்தாலும் கொடுத்தவன் தப்ப முடியாது என்பது அவர் கருத்து. ஏனெனில், அறிந்து வாங்குகிறவன் அதனை வேறொருவன் தலையில் கட்டவே வாங்குகிறான். அத்தகைய நாணயம் கைக்கு வந்தால் எவர் கையும் எட்டாதபடி கிணற்றில் எறிந்துவிட வேண்டும், அல்லது செலாவணிக்கு உதவாதபடி சிதைத்துவிட வேண்டும் என்னும் பொருள்பட அவர் எழுதியிருப்பதை நாம் மாணவப் பருவத்தில் ஓதினோம். நாணயத்திற்குச் சொன்னது என்றே அன்று எண்ணினோம்.

வாங்குபவரின் சம்மதம் வாங்குபவரின் இழப்புக்கு மட்டுமே ஈடாகும். விரைவில் கிழியும் துணியைச் சொல்லி விற்றால் அவர் பணம் போகும். அதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். மெலிந்த கலம் வெடித்தால் போவது அவர் பணம் மட்டுமா? சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்து நிற்கும் பள்ளிச் சிறுமி எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள்? நாள் கூலிக்கு வேலை பார்க்கும் பையனிடம் எவர் சம்மதம் கேட்டார்கள்? பிறர் உயிரை அடகு வைத்துத் தாமிருவர் சம்மதித்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. பயிருக்கு நட்டஈடு கணக்கிடலாம். கண்ணுக்கும் உயிருக்கும் கொடுக்கப்படும் தொகை ஆறுதலேயன்றி ஈடாகாது.

ஒட்டுப் போட்டவரும் ஓட்டிச் சென்றவரும்

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1865 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்னும் நீராவிக் கப்பல், உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு விடுதலையான வீரர்களை ஏற்றிச் சென்றது. வழியில் அதன் கொதிகலன் ஒன்று கசிந்தது. தகடு புடைத்தும் இருந்தது. விக்ஸ்பர்க் துறையில் அதனைச் சோதித்த தொழிலாளி முறையாகச் செப்பனிட வேண்டும் என்றார். அதற்குச் சில நாள்கள் ஆகும். அதற்குள் வீரர்கள் வேறு கப்பல்களில் ஏறிவிட்டால், தலைக்கு இவ்வளவு என அரசு தரும் கட்டணம் போய்விடும். கப்பல் தலைவன், இப்போதைக்கு ஓர் ஒட்டுப் போதும், ஊர் போய்ச் சேர்ந்து முழுதும் செய்துகொள்ளலாம் என்றான். தொழிலாளி இணங்கி, பழைய தகட்டினும் மெல்லிய தகட்டால் ஒட்டுப் போட்டார். 376 பேர் ஏற உரிமம் பெற்ற கப்பலில் 2,000க்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டனர். ஏப்ரல் 27ஆம் நாள் பின்னிரவில், மெம்ஃபிஸ் நகருக்கு அப்பால், கொதிகலன்கள் வெடித்தன. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் தலைவனும் அவர்களில் ஒருவன்.

அந்த ஒட்டே காரணமா, நீர் குறைந்தது காரணமா, அளவுக்கு மீறிய பாரம் காரணமா என்று பின்னர் வாதிட்டனர். காரணம் எதுவாயினும், நம் சிந்தனைக்குரியவர் அத்தொழிலாளி. அவருக்குத் தெரியும், சொல்லவும் செய்தார், இறுதியில் இணங்கினார். 'நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார்' என்னும் எண்ணம் அவரையும் தேற்றியிருக்கக்கூடும். எங்கள் வட்டாரத்துப் பற்றவைப்புப் பட்டறையிலும் தங்கை மகனுக்கு அதே சொல் சொல்லப்பட்டது: "இந்த மாதிரி எத்தனையோ போட்டுக் கொடுத்திருக்கிறோம், தம்பி." எத்தனையோ தாங்கின என்பது அடுத்தது தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. தாங்காதவை பஞ்சர் கடையில் கம்ப்ரசர் வெடித்தது என்று நாளிதழில் சிறு செய்தியாக வருகின்றன. அவற்றைப் படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம்.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அழுத்தத்தில் இயங்கும் கருவிகள் பாதுகாப்பான எல்லையைக் கடவாதிருக்க நடவடிக்கை எடுக்குமாறு விதித்தது. ஆனால் அது பல தொழிலாளர் வேலை செய்யும் ஆலைகளுக்கு. ஒருவரும் அவர் மகனும் வேலை செய்யும் கொல்லைக் கொட்டகைக்குள் ஆய்வாளர் எவரும் வருவதில்லை. ஆய்வும் பொறியாளரும் உள்ள பெருநிறுவனங்களிலேயே பேரிடர் நேர்வதுண்டு. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் நாளும், மீண்டும் ஜூலை 1ஆம் நாளும் கொதிகலன் பகுதியில் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை விபத்தில் அன்றே 6 பேர் உயிரிழந்தனர். காயமுற்றோரில் மேலும் பலர் பின்னர் மாண்டனர். அவ்வளவு காவலுள்ள இடத்திலேயே அவ்வாறெனின், காவலே இல்லாத இடத்தில் மனச்சான்று ஒன்றே ஆய்வாளர். முற்காலத்து முஸ்லிம் நகரங்களில் அங்காடியைச் சுற்றிவந்து அளவையும் தரத்தையும் சோதித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரி இன்று நம் கொல்லைக்கு வரமாட்டார். அந்தப் பதவி நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் காலியாக இருக்கிறது.

'இறைவன் நாடியதுதானே நடக்கும்' என்று தங்கை மெல்லச் சொன்னார். உண்மை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை வாசகர் அறிவர். தவக்குல் என்பது வால்வைப் பொருத்திய பின் கொள்ளும் நம்பிக்கை. வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொள்வது நம்பிக்கையன்று. இறைவனைச் சோதிக்கத் துணிவது.

செய்தது

முடிவாகச் செய்ததைக் கூறுகிறோம், பிறருக்கும் பயன்படலாம். பம்பும் மோட்டாரும் நன்றாகவே இருந்தன. ஆகவே கலத்தை மட்டும் மாற்றினோம். புதிய கலத்தில், தாங்கும் அழுத்தமும் சோதித்த அழுத்தமும் பொறித்த தகடு இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினோம். அத்தகட்டின் மீது வர்ணம் பூசலாகாது என்று சொல்லி வைத்தோம். கலத்தின் எல்லைக்கு மேற்படாத அழுத்தத்திலேயே திறக்கும்படி அமைந்த சேஃப்டி வால்வு பொருத்தப்பட்டது. வால்வுக்கும் கலத்துக்கும் நடுவே மூடக்கூடிய குழாய் எதுவும் இல்லை. பிரஷர் சுவிட்சும் புதிது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அடிக்குழாயைத் திறந்து நீரை வடிப்பது தங்கை மகனின் கடமை. வடித்தாயிற்றா என்று கேட்பது நம் கடமை.

வருங்காலத்தில் கலத்தைச் சோதிக்க வேண்டுமாயின் காற்றால் சோதிக்கலாகாது. நீரால் சோதிக்க வேண்டும் என்றார் ஃபிட்டர் அன்பர். கலம் முழுவதையும் காற்றுக் குமிழ் எஞ்சாதவாறு நீரால் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தினும் கூடுதலாக, கலத்திற்கு விதித்த சோதனை அளவுவரை ஏற்றிப் பார்ப்பது முறை. நீர் நெருங்காத பொருள். அதில் தேங்கும் ஆற்றல் மிகச் சிறிது. இருநூறு லிட்டர் கலத்தில் 12 கிலோ அழுத்தத்தில் நீர் சேமிக்கும் ஆற்றல், ஏழு கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்குவதற்கும் போதாது. "தண்ணீரில் உடைந்தால் தரை நனையும், ஐயா, காற்றில் உடைந்தால் வீட்டில் அழுகுரல் கேட்கும்" என்றார் அவர். அச்சோதனையும் அன்றைய நிலைக்கே சான்று. அடுத்த ஆண்டுக்கு உறுதிமொழி அன்று.

பழைய கலத்தை அப்படியே எடைக்குப் போடவும் நமக்கு மனம் ஒப்பவில்லை. பழைய இரும்புக் கடையைத் தமிழ்நாடு 'காயலான் கடை' என்கிறது. காயல்பட்டினத்து வணிகரால் அப்பெயர் வந்தது என்பர். அவ்வகையில் அது நம் சமுதாயத்தின் பெயரைத் தாங்கிய கடை. அங்கே போன கலம் உருக்காலைக்குத்தான் போகும் என்பதற்கு உறுதி உண்டா? வழியில் எவரேனும் அதனைக் கண்டு, 'நல்ல கலமாயிற்றே' என்று வர்ணம் பூசினால்? ஆகவே எல்லாத் திறப்புகளையும் கழற்றி, உள்ளிருந்த எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரால் அலசி, நீர் நிரப்பி வைத்து, மேற்புறத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் டிரில்லால் துளையிட்டோம். இனி அதில் காற்று நிற்காது, எவரையும் ஏமாற்றாது. அதன் பின்னரே எடைக்குப் போனது. இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. புதிய கலத்தின் விலையில் எஞ்சியதை நாமும் தங்கையும் பகிர்ந்துகொண்டு தவணையில் கட்டி வருகிறோம். நம் பங்கை உதவி என்று எவரேனும் சொன்னால் நாணுகிறோம். அது கடன், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் பட்ட கடன்.

அந்தப் போல்ட்டை மட்டும் நாம் கேட்டு வாங்கிக்கொண்டோம். ஓதிக் கொடுக்கும் மேசைமீது, தாள்கள் பறவாதிருக்க வைக்கும் பாரமாக அது இருக்கிறது. பிள்ளைகள் இப்போது வீட்டின் மறுபுறத்தில் அமர்கிறார்கள். சில நாள்களில், கொட்டகையிலிருந்து புதிய வால்வைச் சோதிக்கும் சீறல் கேட்கும். சிறியவர்கள் திடுக்கிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். "பயப்பட ஏதுமில்லை, அது தன் வேலையைச் செய்கிறது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்குகிறோம்.